பிழை ஓரிடம், அடையாளம் வேறிடம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள மூலநிரல் வரிகளில் பாதிக்கு மேல் டிரைவர்களுக்கானவை. நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது, கோப்புகளைக் காப்பது என இயங்குதளத்தின் மூளையாக நாம் நினைக்கும் வேலைகள் எல்லாம் மீதிப் பகுதிக்குள் அடங்கிவிடும். திரை, ஒலி, வட்டு, நெட்வொர்க் என்று கணினியில் பொருத்தப்படும் ஒவ்வொரு வன்பொருளோடும் பேச ஒரு தனி நிரல் வேண்டும், அதுதான் டிரைவர். இவற்றுள் நெட்வொர்க் டிரைவரின் நிலைமை கொஞ்சம் வித்தியாசமானது. வட்டு, நாம் கேட்டதைத்தான் எடுத்துக் கொடுக்கும். நெட்வொர்க் கார்டுக்கோ உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் எந்த நொடியிலும் எதையாவது அனுப்பிவைக்கலாம். இப்படிப்பட்ட நிரலில் கோளாறு வந்தால் பிழை எங்கே இருக்கும்? டிரைவருக்குள் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பல நேரங்களில் அந்தப் பதில் போதாது. மோசமான கோளாறுகள் டிரைவருக்கும் சிப்புக்கும் நடுவிலோ, டிரைவருக்கும் கெர்னலின் வேறொரு பகுதிக்கும் நடுவிலோ பிறக்கின்றன. திறந்த மூலநிரலால் என்ன லாபம் என்று கேட்டால், நிறையப் பேர் அதைப் படிக்கிறார்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அந்தப் பதிலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கோளாறைத் துரத்திச் செல்பவரை வழியில் மறித்து, இதற்கு மேல் உள்ளே வராதே என்று சொல்ல யாருமில்லை என்பதே அதைவிடப் பெரிய லாபம்.

டிரைவர் செய்யும் வேலை என்ன என்று முதலில் பார்க்கலாம். கணினியின் நினைவகத்தில் வரிசையாகச் சில நூறு இடங்களை ஒதுக்கி, அவற்றின் முகவரிகளை ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று சிப்புக்குச் சொல்லிவிடுகிறது. பட்டியலின் கடைசி வரி முடிந்ததும் மறுபடி முதல் வரிக்கு வரவேண்டும் என்பதால் இதற்கு ரிங் என்று பெயர். கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ ஒரு பாக்கெட் வந்ததும், சிப் அதை மையச் செயலியைக் கேட்காமலே நேராக அந்த நினைவக இடத்தில் எழுதிவிடும். எழுதிய பிறகு, இந்த இடம் நிரம்பிவிட்டது என்று பட்டியலில் ஒரு குறியும் போடும். பிறகு இன்டரப்ட் என்னும் மின்குறிப்பை அனுப்பிச் செயலியைக் கூப்பிடும். டிரைவர் விழித்தெழுந்து பாக்கெட்டை எடுத்து மேலே கொடுத்துவிட்டு, காலியான வேறோர் இடத்தை அங்கே வைக்கும். அனுப்புவதும் இதே முறைதான், திசை மட்டும் எதிர். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரே நினைவகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒருவர் செயலி, இன்னொருவர் சிப். குறி போடப்பட்டது முதலில் கண்ணுக்குத் தெரிந்து, பாக்கெட்டின் உள்ளடக்கம் அதற்குப் பின் தெரிந்தால், டிரைவர் பழைய குப்பையைப் புதிய பாக்கெட் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். இன்றைய செயலிகள் வேகத்துக்காகப் படிப்பதையும் எழுதுவதையும் முன்பின்னாக மாற்றிச் செய்பவை. அதனால் டிரைவர் எழுதுபவர், இந்த வேலை முடியாமல் அடுத்ததைத் தொடாதே என்று தடுப்புக் கட்டளைகளைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். ஒரு வகைச் செயலியில் தடுப்பே இல்லாமல் பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய டிரைவர், வேறு வகைச் செயலிக்குப் போனவுடன் எப்போதாவது ஒருமுறை தடுக்கி விழும்.

வேகத்தையும் கணக்கில் எடுத்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 67 நானோ நொடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டரப்ட் என்று வைத்தால், கைவேலையை நிறுத்தி, எழுந்துவந்து, மறுபடி திரும்பிப் போவதிலேயே செயலியின் நேரம் முழுவதும் கரைந்துவிடும். வருகிறவர்களின் பெயரைப் பதிவுசெய்வதிலேயே ரேஷன் கடைக்காரரின் நேரம் முழுவதும் போனால், அரிசி அளந்து போட ஆள் இருக்காது, வரிசையும் நகராது. கணினி ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டே ஒரு பாக்கெட்டைக்கூட உருப்படியாகக் கொண்டுபோய்ச் சேர்க்காத இந்த நிலையை ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கி, தீர்வும் சொன்னார்கள். சில ஆண்டுகளில் லினக்ஸில் ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்னெத்சோவ் ஆகியோர் உருவாக்கிய நேப்பி என்ற முறை அந்தத் திசையில் சென்றது. முதல் இன்டரப்ட் வந்ததும் டிரைவர் மேற்கொண்டு வரும் இன்டரப்டுகளை அணைத்துவிட்டு, தானாகப் போய் ரிங்கிலிருந்து இத்தனை பாக்கெட் என்ற வரம்போடு அள்ளிவரும். ரிங் காலியானால் இன்டரப்டை மறுபடி திறந்துவிடும். ஒரு டிரைவரின் நடத்தையைச் சீராக்கக் கெர்னலின் நெட்வொர்க் பகுதி முழுவதும் புதிய ஒப்பந்தத்துக்கு வரவேண்டியிருந்தது என்பதே இதில் முக்கியம். டிரைவரைத் தனியாக எடுத்துவைத்துத் திருத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

டிரைவர் ஓடும் இடமோ கெர்னலின் உள்ளறை. அங்கே தவறினால் ஒரு நிரல் மூடிக்கொள்வதோடு விஷயம் முடியாது, கணினியே விழும். 2024 ஜூலை 19-ஆம் தேதி, விண்டோஸில் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர் தவறான தரவுக் கோப்பு ஒன்றைப் படித்து விழுந்ததில் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. உலகெங்கும் விமானங்கள் ரத்தாயின. விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான முடக்கங்களில் 85 விழுக்காடு டிரைவர்களால் வந்தவை என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் எடுத்துக்காட்டினார்கள். லினக்ஸும் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001-இல் லினக்ஸ் மூலநிரலைத் தானியங்கிக் கருவியால் சோதித்தபோது, டிரைவர் பகுதியில் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை இருந்தது. பத்தாண்டுகள் கழித்து வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தது. எண்ணிக்கையில் டிரைவர் பிழைகளே அப்போதும் அதிகம். ஆனால் இத்தனை வரிக்கு இத்தனை பிழை என்ற விகிதத்தில் டிரைவர்கள் முதலிடத்தை விட்டு இறங்கியிருந்தன. டிரைவர் எழுதுபவர்கள் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிட்டார்கள் என்று நான் இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். எல்லா டிரைவர்களும் ஒரே மூலநிரல் தொகுப்புக்குள் இருப்பதால், ஒருவகைத் தவறு தெரிந்தவுடன் அதே தவறை மற்றவற்றிலும் தேடித் திருத்த முடிந்தது. அந்த முதல் ஆய்வுகளின் கருவிகள் சுட்டிக்காட்டிய பிழை வகைகள் பிறகு கெர்னல்காரர்களின் அன்றாடச் சோதனையில் சேர்ந்துகொண்டன.

நெட்வொர்க் டிரைவரில் பிழை தேடுவதற்கென்று சில விசேஷத் தொல்லைகள் உண்டு. புதிதாக வருபவர் கையில் எடுக்கும் முதல் கருவி, இங்கே வந்தேன், இந்த மதிப்பு இருந்தது என்று நிரல் நடுவே செய்தி எழுதவைப்பது. அந்தச் செய்தியை எழுத ஆகும் நேரம் பாக்கெட்டுகளுக்கு இடையிலான நேரத்தைவிடப் பல மடங்கு நீளம். ஆகவே இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு ஓடிவந்து மோதியதால் எழுந்த பிழை, செய்தி எழுதத் தொடங்கியதும் காணாமல் போய்விடும். எழுதுவதை நிறுத்தினால் திரும்பி வரும். கெர்னல் விழும்போது கடைசிச் செய்தியை நெட்வொர்க் வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதி ஒன்று லினக்ஸில் இருக்கிறது; வேறு எதற்கும் அது நல்ல கருவி, விழுவது நெட்வொர்க் டிரைவராக இருந்தால் மட்டும் உதவாது. அதனால்தான் டிரைவர் எழுதுபவர்களின் மேசையில் இன்றும் பழைய சீரியல் கேபிள் ஒன்று கிடக்கிறது. ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமலிருக்க நிரலில் வைக்கும் பூட்டுகளை எந்த வரிசையில் போட்டுத் திறக்கிறார்கள் என்று கண்காணித்து, இப்படியே போனால் ஒருநாள் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கிடப்பீர்கள் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் லாக்டெப் 2006-இல் வந்தது. விடுவிக்கப்பட்ட நினைவகத்தை யாராவது தொட்டால் பிடித்துக்கொடுக்கும் கருவியும் பின்னர் சேர்ந்தது. ஆனால் எந்தக் கருவியும் டிரைவருக்கு வெளியே இருக்கும் காரணத்தை டிரைவருக்குள் காட்டாது.

2008-இல் நடந்த ஒரு கோளாறை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு 2.6.27 என்ற கெர்னல் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. சோதனைப் பதிப்புகளை நிறுவிப் பார்த்தவர்களில் சிலருக்கு, மதர்போர்டிலேயே பொருந்திய இன்டெல் ஈதர்நெட் சிப் திடீரென்று வேலை செய்யாமல் போனது. கணினியை அணைத்துப் போட்டாலும், பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும், விண்டோஸை ஏற்றினாலும் சரியாகவில்லை. சிப் தன் அடையாள முகவரியையும் அமைப்பு விவரங்களையும் வைத்திருக்கும் நிலையான நினைவகம் சிதைந்துபோயிருந்தது. மென்பொருள் பிழை ஒன்று வன்பொருளையே நிரந்தரமாக முடக்குவது அபூர்வம். சோதனைக்காக முன்பதிப்பு வெளியிட்டிருந்த பல லினக்ஸ் விநியோகங்கள், இன்டெல் சிப் வைத்திருப்பவர்கள் இதை நிறுவ வேண்டாம் என்று அறிவித்தன. அந்தச் சிப்பின் டிரைவரையே சில விநியோகங்கள் அணைத்து வைத்தன.

முடங்கியது நெட்வொர்க் சிப், ஆகவே குற்றவாளி அதன் டிரைவர் இ-1000-இ என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த டிரைவரை எழுதிப் பராமரித்தவர்கள் இன்டெல் பொறியாளர்களே. சிப்பின் எல்லா ஆவணமும் அவர்கள் கையில். அவர்கள் டிரைவரைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். உள்ளே சில குறைகள் கிடைத்தன, திருத்தவும் செய்தார்கள். ஆனால் நிலையான நினைவகத்தில் கண்டபடி எழுதும் வரி எதுவும் அகப்படவில்லை. சந்தேகம் கிராபிக்ஸ் பக்கமும் திரும்பியது. பிழையை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பதோ செலவுள்ள காரியம், ஏனென்றால் சோதனை வெற்றி பெறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிப் வீணாகும். முன்கூட்டியே அதன் உள்ளடக்கத்தை நகலெடுத்து வைத்திருந்தால்தான் மீட்க முடியும். ஒரு முடிவு தெரியும் வரை காத்திருக்காமல், அந்த நினைவகத்தில் யார் எழுத முயன்றாலும் முடியாதபடி பூட்டிவைக்கும் திருத்தத்தை டிரைவரில் சேர்த்தார்கள். அக்டோபர் 9-ஆம் தேதி வெளியான 2.6.27 பதிப்பு அந்தப் பூட்டோடுதான் வந்தது. காரணம் அப்போதும் தெரியாது.

காரணம் இருந்த இடம், நெட்வொர்க்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எஃப்டிரேஸ் என்னும் புதிய வசதி. கெர்னலுக்குள் எந்தெந்தச் செயற்கூறு எப்போது ஓடுகிறது என்று பின்தொடர்வதற்காக ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது அது. பிழை தேடுவதற்காக எழுதப்பட்ட கருவிதான் பிழையைக் கொண்டுவந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது நடந்த விதம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் ஒரு சிறு அழைப்பு சேர்க்கப்பட்டிருக்கும். செயற்கூறு முதன்முறை ஓடும்போது எஃப்டிரேஸ் அந்த இடத்தின் முகவரியைக் குறித்துக்கொள்ளும். பின்னணியில் நொடிக்கொரு முறை விழித்தெழும் ஒரு பணி, குறித்த முகவரிகளுக்குப் போய் அந்த அழைப்பை ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றி எழுதும். தேவைப்படும்போது ஏற்றப்படும் கெர்னல் மாட்யூல்களில் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை ஓடும் செயற்கூறுகள் உண்டு. அவை ஓடி முடிந்ததும் அவை இருந்த நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும். எஃப்டிரேஸின் குறிப்பேட்டிலோ பழைய முகவரி அப்படியே இருக்கும். விடுவிக்கப்பட்ட அதே முகவரி, தற்செயலாக, இன்டெல் சிப்பின் நிலையான நினைவகத்தை அணுகும் வாசலாக ஒதுக்கப்பட்டால்?

அப்படியும் விபத்து நடந்திருக்கக் கூடாது. எஃப்டிரேஸ் கவனமாகவே எழுதப்பட்டிருந்தது. எதிர்பார்த்த கட்டளை அங்கே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இருந்தால் மட்டும் மாற்று, இல்லையென்றால் விட்டுவிடு என்ற ஒற்றைச் செயலிக் கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. சாதாரண நினைவகத்தில் அது முழுப் பாதுகாப்பு. ஆனால் இன்டெல் வகைச் செயலிகளில் அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு: ஒப்பீடு பொருந்தாவிட்டாலும், படித்த பழைய மதிப்பை அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும். நினைவகத்தில் இருந்ததையே மறுபடி எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. வன்பொருளின் வாசலில் அப்படி எழுதினால், எழுதுவதே ஒரு கட்டளை ஆகிவிடும். அப்படித்தான் சிப்பின் உள்ளடக்கம் சிதைந்தது. டிரைவர் தவறாக எதையும் எழுதவில்லை. எஃப்டிரேஸ் தன் கணக்கில் பாதுகாப்பாகவே நடந்துகொண்டது. நினைவக மேலாண்மை விதிப்படி முகவரியை மறுபயன்பாட்டுக்குக் கொடுத்தது. செயலி, தன் கையேட்டில் சொன்னபடிதான் நடந்தது. நான்கையும் ஒருசேரப் பார்த்தவருக்கு மட்டுமே பிழை தெரியும். அக்டோபர் நடுவில் வந்த 2.6.27.1 பதிப்பில் அந்த வசதி அணைக்கப்பட்டது. அடுத்த பதிப்பான 2.6.28-இல், ஓடும்போது முகவரி குறிப்பதற்குப் பதிலாகத் தொகுக்கும்போதே குறித்துவைக்கும்படி எஃப்டிரேஸ் மாற்றி அமைக்கப்பட்டது.

இதே கதையை மூடிய மூலநிரல் உலகத்தில் நினைத்துப் பாருங்கள். சிப் நிறுவனம் தன் டிரைவரைத் துருவித் தேடி, எங்கள் பக்கம் தவறில்லை என்று கடிதம் கொடுத்திருக்கும். இயங்குதள நிறுவனம், பழுதானது உங்கள் சிப் என்று பதில் போட்டிருக்கும். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் எல்லைக்குள் உண்மையாகவே இருந்திருக்கும். லினக்ஸில் இன்டெல்காரரும், விநியோக நிறுவனங்களின் பொறியாளர்களும், எஃப்டிரேஸ் எழுதியவரும் ஒரே மூலநிரலைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடிந்தது. அதனால்தான் ஒருவர் மற்றவரின் பகுதிக்குள் நுழைந்து, இங்கே நீ நினைப்பதும் அங்கே அவர் நினைப்பதும் ஒத்துப்போகவில்லை என்று காட்ட முடிந்தது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். அந்த விபத்தே திறந்த முறையால் வந்ததுதானே, முழுமையாகச் சோதிக்காத கெர்னலை ஊருக்கெல்லாம் கொடுத்தால் ஊரார் கணினி கெடாமல் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சோதனைப் பதிப்பை நிறுவியவர்கள் தெரிந்தே நிறுவினார்கள் என்பது பாதிப் பதில். சிப் போனவருக்கு அது ஆறுதல் ஆகாது. ஆனால் இந்தப் பிழை வெளிப்பட ஒரு குறிப்பிட்ட சிப், ஒரு குறிப்பிட்ட கெர்னல் அமைப்பு, தற்செயலாகப் பொருந்தும் முகவரி ஆகிய மூன்றும் ஒரே கணினியில் சேர வேண்டும். எந்த ஆய்வுக்கூடமும் எல்லாச் சேர்க்கைகளையும் வாங்கிவைத்துச் சோதிக்க முடியாது. வெளியீட்டுக்கு முன்பே பலவகைக் கணினிகளில் ஓடியதால்தான், பல லட்சம் பேரைச் சென்றடையும் முன் அது அகப்பட்டது. முறையில் இருந்த குறை வேறொன்று என்பது என் கணிப்பு: சிப்பின் நிலையான நினைவகம் முதலிலிருந்தே பூட்டி இருந்திருக்க வேண்டும். எழுதத் தேவையில்லாத வாசலைத் திறந்து வைத்திருந்ததற்கு டிரைவர்தான் பொறுப்பு. காரணம் வெளியே இருந்தாலும் சேதத்தைத் தடுக்கும் கடமை உள்ளே இருந்தது.

இன்னொரு மறுப்பு வியாபார உலகிலிருந்து வருவது. சிப்பைப் பற்றி முழுதாக அறிந்தவர் அதைச் செய்தவர்தான். டிரைவரை அவரே எழுதி மூடியபடி கொடுத்தால் என்ன, வெளியார் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்? வரலாறு இதற்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே பதில் சொல்கிறது. என்விடியா நிறுவனம் தன் மதர்போர்டு சிப்களில் இருந்த ஈதர்நெட்டுக்கு மூடிய டிரைவர்தான் கொடுத்தது. வெளியார் சிலர் அந்த டிரைவர் வன்பொருளோடு பேசுவதை உற்றுப் பார்த்து, 2003-இல் தொடங்கித் தாங்களே ஒரு திறந்த டிரைவரை எழுதினார்கள். பிறகு என்விடியா பொறியாளர்களே அந்த டிரைவருக்குத் திருத்தம் அனுப்ப ஆரம்பித்தார்கள். நிறுவனத்தின் சொந்த டிரைவர் வழக்கொழிந்தது. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்களுக்கு ஆவணம் கிடைக்காதபோது, ஒரு குழு மூடிய நிரலைப் பகுத்துப் பார்த்து வன்பொருளின் விவரக்குறிப்பை எழுத, மூடிய நிரலைத் தொடாத வேறொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படித்து டிரைவர் எழுதியது. பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கத்தான் இந்தச் சுவர். அந்த டிரைவர் 2006-இல் கெர்னலில் சேர்ந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சிப்களுக்குத் தானே திறந்த டிரைவர் வெளியிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஏத்ரோஸ் நிறுவனம் அந்த வழிக்கு வந்துவிட்டது. சிப்பைச் செய்தவருக்குச் சிப் தெரியும், ஐயமில்லை. கெர்னலின் உட்புற ஒப்பந்தங்கள் ஒவ்வொரு பதிப்பிலும் மாறுவது அவருக்குத் தெரியாது. மூலநிரல் தொகுப்புக்குள் இருக்கும் டிரைவரை, ஒப்பந்தத்தை மாற்றுபவரே சேர்த்துத் திருத்திவிடுகிறார். வெளியே நிற்கும் டிரைவரோ இரண்டு பதிப்புகளுக்குள் காலாவதியாகிறது. விற்ற பொருளுக்கு டிரைவர் புதுப்பிப்பதை நிறுவனம் நிறுத்திவிட்டால், ஓடக்கூடிய வைஃபை கார்டு குப்பைக்குப் போகும்.

நிறையக் கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் தப்பாது என்ற வாதத்தை நான் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவைத்ததற்கும் காரணம் சொல்ல வேண்டும். ஒரு பழைய நெட்வொர்க் டிரைவரை ஆண்டுக்கு எத்தனை பேர் உட்கார்ந்து படிப்பார்கள்? மிகச் சிலர், சில டிரைவர்களுக்கு ஒருவரும் இல்லை. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறையுள்ள திருத்தங்களை வேண்டுமென்றே அனுப்பி, பரிசீலிப்பவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்தார்கள். விஷயம் பெரிதாகி 2021 ஏப்ரலில் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளுக்கே தடை போட்டார். ஆய்வாளர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர்கள் செய்தது அனுமதியின்றி மனிதர்களைச் சோதனைப் பொருளாக்கிய காரியம், கோபம் நியாயமே. என்றாலும் பரிசீலனை என்பது களைத்துப்போன சில மனிதர்கள் செய்யும் வேலை என்ற உண்மையை அந்தக் கோபம் மறைத்துவிடக் கூடாது. திறந்திருப்பதால் பிழை வராது என்று யாரும் சொல்ல முடியாது. பிழை வந்தபின் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு எதுவரை போகலாம் என்பதில்தான் வேறுபாடு.

அந்தத் தடத்துக்கும் ஒரு முடிவு உண்டு. 2013 பிப்ரவரியில் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற பொறியாளர் வினோதமான ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். இணையத் தொலைபேசிக் கருவிகளில் இருந்த இன்டெல் ஈதர்நெட் சிப் ஒன்று அவ்வப்போது செத்துப்போகும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து, அவற்றையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்ததில், ஒரே ஒரு பைட்டில் வந்து நின்றது விஷயம். பாக்கெட்டின் தொடக்கத்திலிருந்து 1,151 பைட் தள்ளி இருக்கும் இடத்தில் ‘2’ என்ற எழுத்துக்குரிய மதிப்பு வந்தால் சிப் முடங்கியது. ‘4’ வந்தால், அடுத்த முறை அணைத்துப் போடும் வரை அதற்கு நோயே அண்டாது. டிரைவரின் மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் இதற்கு விடை கிடைத்திருக்காது. ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் சிப்பின் நிலையான நினைவகத்தில் தவறான அமைப்பை எழுதிவைத்ததே காரணம் என்று இன்டெல் விளக்கியது. அந்த அமைப்பின் எந்த மதிப்பு சிப்புக்குள் என்ன செய்கிறது என்பது வெளியாருக்குத் தெரிந்த எல்லைக்கு அப்பால் இருந்தது. இன்றைய வைஃபை கார்டுகளில் டிரைவர் திறந்திருந்தாலும், சிப்புக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடியதுதான். முன்பு டிரைவர் செய்த வேலைகளில் பல அதற்குள் போய்விட்டன. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை நடத்தும் தியோ டி ராட் போன்றவர்கள், முக்கியச் செயலியில் ஓடும் மூடிய டிரைவர்களைச் சேர்க்கவே மாட்டோம் என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக நின்று, சிப் ஆவணங்களைக் கேட்டுச் சண்டை போட்டார்கள். அவர்கள் பேச்சில் கடுமை இருந்தது. ஆவணம் இல்லாத சிப்புக்கு டிரைவர் இருந்தும் பாதிதான் இருக்கிறது என்ற அவர்கள் நிலைப்பாட்டை இந்தப் பாக்கெட் விவகாரம் சரியென்றே காட்டுகிறது.

எல்லை வரைக்குமாவது போக உதவும் கருவிகளில் மிகச் சாதாரணமானதும் மிகப் பலமானதும் ஒன்று உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கிட், கெர்னலில் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக வைத்திருக்கிறது. ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் நுழைகின்றன. பழையதில் வைஃபை ஓடியது, புதியதில் நின்றது என்று தெரிந்தால் போதும்: நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துக் கெர்னலைத் தொகுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் குற்றம் பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் சுமார் 14 சோதனையில் ஒற்றை மாற்றத்தில் வந்து நிற்கலாம். இதைச் செய்ய சிப்பைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். பிழை டிரைவரில் இருக்கிறதா, மின்சக்தி மேலாண்மையில் இருக்கிறதா, நினைவகப் பகுதியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஊகிக்கவும் தேவையில்லை. ஊகம்தான் 2008-இல் எல்லோரையும் தவறான வீட்டு வாசலில் நிறுத்தியது. முன்பு ஓடியது இப்போது ஓடவில்லையென்றால் அது கெர்னலின் குற்றமே, பயனரின் குற்றமல்ல என்பது டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக நடைமுறைப்படுத்தும் விதியும்கூட.

ஆகவே லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப்பித்த மறுநாள் இணையம் நின்றுபோனால், முதல் வேலையாக மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாக ஒழுங்காக ஓடிய கெர்னலின் பதிப்பு எண், நின்றுபோன கெர்னலின் பதிப்பு எண், உங்கள் நெட்வொர்க் சிப்பின் சரியான பெயர். கெர்னல் எழுதிவைத்திருக்கும் செய்திப் பதிவையும் ஒரு கோப்பில் சேமித்து, நீங்கள் பயன்படுத்தும் விநியோகத்தின் பிழைப் பதிவேட்டில் போடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த எண்களே போதும். இவற்றைக் குறிக்கும் முன் கணினியை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.